தெருவும் தூம்பும்

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாணாக்கர்க்கு ஒரு கட்டுரைப் பொருள் கொடுத்தல் தமிழாசிரியரின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை யானும் இத்தனை ஆண்டுகளாகக் கைவிட்டதில்லை. சென்ற தவணைத் தொடக்கத்தில் "யான் கண்ட மாநகர்" என்னுந் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்ந்தேன். ஏறாவூர்ப் பிள்ளைகளுக்கு மாநகர் என்றாற் கொழும்புதான். உதயதேவிப் புகைவண்டியில் ஏறி, ஒரு பகற்பொழுதை அதிலே கழித்து, கோட்டை நிலையத்தில் இறங்கி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கி மீள்வதே அவர்தம் மாநகர்க் காட்சி.

வந்த ஏடுகள் நாற்பது. திருத்திய பின்னர் நோக்கினால், எழுதப்பட்டவை இரண்டே கட்டுரைகள் எனக் கண்டேன். ஒரு சாரார்க்குக் கொழும்பு தேவலோகம்: காலிமுகத்திடலின் அகன்ற வெளி, கண்ணாடி போன்ற வீதிகள், ஒரு துண்டுத் தாளேனும் கிடவாத நடைபாதைகள். மற்றொரு சாரார்க்கு அது நரகம்: புறக்கோட்டையின் நெருக்கடி, கறுத்த கால்வாய், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த சந்துகள். "சனம் கூடினால் அழுக்குங் கூடும்" என்று ஒரு மாணவன் முடித்திருந்தான். "நம் ஊரும் கொழும்பைப் போலத் தூயதாக வேண்டும்" என்று ஒரு மாணவி முடித்திருந்தாள். இருவர்க்கும் நல்ல புள்ளிகளே இட்டேன், நடையிற் குற்றமில்லை. ஆயினும் எனக்கு மனநிறைவு உண்டாகவில்லை. குறை பிள்ளைகளிடத்து உள்ளதன்று. நகரங்களைக் காண்பதற்கு நாம் அவர்களைப் பழக்கிய முறையில் உள்ளது என்று தோன்றியது. அதுபற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

நம் பழம் புலவர் நகர் கண்ட முறை வேறு. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் புகழ வந்தவர். மாடங்களையும் கொடிகளையும் மட்டும் பாடிவிட்டு அவர் போயிருக்கலாம். அவரோ, அறச்சாலைகளிற் சோறு வடித்த கொழுநீர் வீதியிற் பெருகியதையும், காளைகள் முட்டி மோதி அதனைக் குழைத்ததையும், தேர்ச்சக்கரங்களாற் பொடி கிளம்பி வெள்ளிய மாளிகைச் சுவர்களின் ஓவியங்களை மறைத்ததையும் ஒளியாது கூறினார். நகரின் அழுக்கைக் கூறியவர், அவ்வழுக்கின் பிறப்பிடத்தையும் உடன் கூறினார். பசித்தவர்க்கு உணவு சமைத்ததால் வந்த அழுக்கு அது.

மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் ஒருபடி மேலுஞ் சென்றார். வஞ்சி நகரின் அகழியை வருணிக்கப் புகுந்தவர், அந்நீர் எங்கிருந்து வந்தது என்று வினவினார் போல, இல்லங்களிலே மகளிர் கூந்தல் கழுவிய நீர் முதலாயின சுருங்கைத் தூம்பின் வழியே வந்து அகழியில் விழுதலைக் காட்டுகின்றார். சுருங்கைத் தூம்பாவது நிலத்தின் கீழே மறைந்து செல்லும் நீர்க்குழாய். அகழியின் முதலையும் மீனும் அந்நீராற் புலால் நாற்றம் நீங்கின என்பது புலவர் கூறும் மிகை, அது கிடக்க. நகரின் அழகைப் பாட வந்த ஒருவர் தூம்பின் வாயிலிற் போய் நின்றார் என்பதே நாம் கருதத்தக்கது. தெருவைக் கண்டவன் நகரிற் பாதியைக் கண்டவன். அத்தெருவின் அழுக்கு எவ்விடத்துச் சென்று சேர்கின்றது, யார் தலையிற் சென்று விழுகின்றது என்பதையுங் கண்டபின்னரே அந்நகர் தூயது, தூயதன்று என்று கூறும் உரிமை அவனுக்கு உண்டாகின்றது. எனது கருத்து இவ்வளவே.

முதலில், சனநெருக்கமே அழுக்கிற்குக் காரணம் என்னும் கூற்றை ஆராய்வோம். இஃது அம்மாணவன் ஒருவனின் கருத்து மாத்திரமன்று. பெருநகர் சென்று மீள்வோர் பெரும்பாலோரின் கருத்துமாகும். சிங்கப்பூரில் 60 இலட்சம் அளவினர் வாழ்கின்றனர். அந்நாட்டின் நிலப்பரப்போ நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் நான்கிலொரு பங்கு அளவினதே. நெருக்கம் அழுக்கைப் பெறுமாயின் அந்நகர் உலகிலே மிக அழுக்கானவற்றுள் ஒன்றாய் இருத்தல் வேண்டும். மாறாக, சென்று வந்தோர் யாவரும் அதன் தூய்மையையே பேசுகின்றனர். அத்தூய்மைக்குக் காரணம் யாதெனின், எச்சில் உமிழ்ந்தாற் தண்டம், தாளை எறிந்தாற் தண்டம் என்று கூறி அமைந்துவிடுகின்றனர். 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நகரைத் தூயதாக வைக்கும் இயக்கம் தொடங்கியதும், தண்டம் விதிக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் விருந்தினர் காணாத செய்தி வேறொன்று உண்டு. 1977இல் சிங்கப்பூர் ஆறு நாறிக் கிடந்தது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் தெருவோரச் சமையற் கடைகளும் குடிசைகளும் தத்தங் கழிவை ஆற்றில் விட்டன. பத்தாண்டு முயன்று 1987இல் அதனைத் தூயதாக்கினர். குடிசைகளில் இருந்தோர்க்குக் கழிவுக்குழாய் பொருத்திய வீடுகள் கொடுக்கப்பட்டன. தெருவோர வணிகர்க்குத் தண்ணீரும் வடிகாலும் உள்ள கூடங்கள் கொடுக்கப்பட்டன. குழாயைக் கொடுத்த பின்னரே தண்டம் பயன் தந்தது. கொழும்பிலே "தோட்டம்" என்று வழங்கும் முடுக்குக் குடியிருப்புகளில் ஒரு குழாயடியையும் ஒரு மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நிலையைக் கண்டு, "இவர்கள் அழுக்கர்" என்று மூக்கைப் பொத்துவோர், அவர்கட்கு மறுக்கப்பட்டதை அவர்கள் குணமாகக் கூறுகின்றனர். நெருக்கம் வேறு; வசதியின்மை வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.

இனி, "தேவலோகம்" கண்ட மாணவியின் பக்கத்துக்கு வருவோம். தூய வீதியைக் கண்டு மகிழ்தல் தவறன்று. அவ்வீதியின் அழுக்கு எங்கே போயிற்று என்று வினவாமையே தவறு. இலண்டன் மாநகர் இவ்வினாவை 1858ஆம் ஆண்டு கோடையில் மூக்கினாற் கற்றது. நகரின் மலநீரெல்லாந் தேம்சு நதியிற் தேங்கி நாறியது. நதிக்கரைப் பாராளுமன்றத்திற் சாளரத் திரைகளைச் சுண்ணக் கரைசலிற் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினராற் பொறுக்க இயலவில்லை. அதன் முன்னர் வாந்திபேதி ஏழைகளின் குடியிருப்புகளிற் பல்லாயிரவரை மாய்த்தபோது மெல்ல நடந்த அரசு, நாற்றந் தன் மூக்கை எட்டியதும் ஓடத் தொடங்கிற்று. பசல்கெற்று என்னும் பொறியியலாளர் பெரும் நிலத்தடிக் கால்வாய்களை அமைத்துக் கழிவைக் கிழக்கே கொண்டுசென்று, கடலேற்றம் வந்து போகும் ஆற்றுப் பகுதியில் விட்டார். நகர் தூயதாயிற்று, வந்தவர் வியந்தனர். கிழக்கே குடியிருந்தோர் வியந்திருக்க மாட்டார்கள்.

நம் தலைமாநகரின் வரலாறும் இதனின் வேறானதன்று. நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921இற் கொழும்புக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். கீழைத்தேயத்தின் பூங்கா நகராக அதனைக் கண்டார். பூங்காவின் பின்வாயிலில் நடந்தது யாது? மாநகரின் குப்பை முன்னர் வடபாலுள்ள புளூமெண்டாலில் எளியோர் வீடுகளின் அருகே குவிந்தது. பின்னர் கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லையிற் குவிந்து மலையாயிற்று. அங்கு வாழ்ந்தோர் ஆண்டுக்கணக்காக முறையிட்டனர். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அம்மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறர் வீசியது அவர்களைப் புதைத்தது. அதன் பின்னராவது மாநகர் தன் குப்பையைத் தன் எல்லையிற் தீர்க்கக் கற்றதோவெனின், புத்தளத்தின் அருவைக்காட்டுக்கு அதனை அனுப்புதல் என்று முடிவு செய்யப்பட்டது. "உங்கள் குப்பை எங்களுக்கு ஏன்?" என்று புத்தளம் மக்கள் எழுந்து வினவினர். அவ்வினாவுக்கு ஏற்ற விடையை யான் எங்கும் படித்ததில்லை. மற்றொன்றுங் கூறுவேன். நம் பிள்ளைகள் தங்கிய வெள்ளவத்தையிலிருந்துதான் மாநகரின் கழிவுநீரில் ஒரு பகுதி குழாய்வழி கடலுக்குட் செலுத்தப்படுகின்றது. அக்கடற்கரையில் நின்று ஞாயிறு மறைதலை அழகுற வருணித்தோர் என் வகுப்பிற் பலர். அக்குழாயைப் பற்றி எழுதினார் ஒருவருமிலர். யானுஞ் சொல்லிக் கொடுத்திலேன்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். "வந்தவர் நம் குறையைக் கூறினாற் பொறுத்துக்கொள்வதா? விருந்தினர் வீட்டின் பின்புறத்தைத் துருவுதல் முறையா?" என்பர் சிலர். நேரிய வினாவே. 1927இற் கதரீன் மேயோ என்னும் அமெரிக்கப் பெண்மணி இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காந்தியடிகள் அதனைச் சாக்கடைப் பரிசோதகரின் அறிக்கை என்று கடிந்தார். அதே காந்தியடிகள் 1916இற் காசியில் இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில், அரசர்களும் செல்வர்களும் அமர்ந்த அவையில், விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்த சந்துகளின் அழுக்கையும், பம்பாய் மாடிகளிலிருந்து தெருவிற் செல்வோர் தலைமேல் எச்சில் விழும் என்ற அச்சத்தையும் வெளிப்படக் கூறியவர். ஒருவர் கூறினாற் குற்றம், மற்றொருவர் கூறினாற் குணமா? ஆம், ஒருவகையில் அவ்வாறே. 1896இல் இராஜ்கோட்டிற் கொள்ளைநோய் அச்சம் எழுந்தபோது, காந்தியடிகள் வீடு வீடாகச் சென்று மலகூடங்களைப் பார்வையிட்டவர். செல்வர் வீடுகள் அவரை உள்ளே விடத் தயங்கின. அவற்றின் மலகூடங்களே மிக அழுக்காயிருந்தன. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் சேரியோ தூயதாய் இருந்தது. 1901இற் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்றபோது, பிறர் அருவருத்து ஒதுங்கிய இடத்தைத் தாமே துடைப்பம் எடுத்துத் துப்புரவு செய்தார். துடைப்பம் எடுத்த கையே குறையைச் சுட்டும் உரிமை பெறுகின்றது. எனினும் அவர் மேயோவின் நூலை எரித்துவிடுங்கள் என்று கூறவில்லை. இந்தியர் அதனைப் படித்தும் ஓரளவு பயன்பெறலாம் என்றே எழுதினார். வந்தவர் சொல்லிற் சினத்தைக் கழித்துவிட்டு உண்மையை எடுத்துக்கொள்ளும் ஆண்மை அது.

இனி, துடைப்பம் ஏந்துவோரைப் பற்றிக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் நன்றியின்மையாகும். நம் பிள்ளைகள் "ஒரு தாளேனும் கிடவாத நடைபாதை" என்று எழுதினர். அத்தாளை எடுத்தவர் யார்? விடியுமுன் வந்து, நாம் விழிக்குமுன் போய்விடும் நகரசுத்தித் தொழிலாளர். பிரித்தானியர் ஆட்சியில் இத்தொழிலுக்கென்றே தென்னிந்தியாவினின்று அழைத்துவரப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அதே தொழிலிற் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் கொழும்பிலும் பிற நகர்களிலும் உள. அவர்களிற் பெரும்பாலார் பேசுவது நாம் பேசும் தமிழே. கடலுக்கப்பால் இந்தியாவில் 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றி மனிதக் கையால் மலம் அள்ளுதலைத் தடுத்தனர். அதன் பின்னரும் மலக்குழிகளில் இறங்கி மூச்சடைத்து மாள்வோர் செய்தி நின்றபாடில்லை. நகரின் தூய்மை ஓர் உயிரின் விலையிற் கிடைப்பதாயின் அதனைத் தூய்மை என்னும் சொல்லால் வழங்குதல் மொழிக்குச் செய்யும் பிழை.

மேற்கூறிய கெடிஸ் அறிஞர் 1917, 1918ஆம் ஆண்டுகளை ஒட்டி இந்தூர் நகரிற் பணியாற்றினார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. அவர் கட்டளைகளை ஒட்டவில்லை, தண்டமும் விதிக்கவில்லை. தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு மிகத் தூயதாய் இருக்குமோ அந்தத் தெருவழியே செல்லும் என்று அறிவித்தார். தெருக்கள் போட்டியிட்டுத் துப்புரவு செய்யப்பட்டன. ஊர்வலத்தில் யானையும் குதிரையும் சென்றன. அவற்றோடு, தோட்டிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வெள்ளாடை உடுத்து, மலர் சூட்டப்பட்டுச் சென்றனர். நூறாண்டு கழித்து, மீதொட்டமுல்லை சரிந்த அதே 2017ஆம் ஆண்டில், இந்திய நகரங்களின் துப்புரவுத் தரவரிசையில் இந்தூர் முதலிடம் பெற்றது. பின்வந்த ஆண்டுகளிலும் அதனைத் தொடர்ந்து காத்தது. அன்றைய ஊர்வலத்தால் இன்றைய பெருமை வந்தது என்று யான் கூறவில்லை. வீட்டுக்கு வீடு குப்பையை வகைபிரித்து வாங்கும் ஒழுங்கினாலேயே அது வந்தது. ஆயினும் துப்புரவாளரைப் பின்வாயிலிலிருந்து அழைத்து ஊர்வலத்தில் நடக்கவிட்ட அக்காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கொழும்பையும் இந்தூரையும் பேசுதல் எளிது. நம் ஊரின் தூம்பு எங்கே முடிகின்றது? இவ்வினா என்னை உறுத்தியமையால், ஒரு மாலை வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பள்ளியின் வடிகாலைத் தொடர்ந்து நடந்தேன். அது சில வீடுகளின் பின்மதிலை ஒட்டிச் சென்று, வீதியின் கீழே நுழைந்து, மறுபுறம் எழுந்து, முடிவில் வாவியிற் போய் விழுந்தது. அவ்விடத்திற் பொலித்தீன் உறைகளும், நெகிழிப் புட்டிகளும், மையொழிந்த பேனாக்களும் கண்டல் வேர்களிற் சிக்கிக் கிடந்தன. அவற்றினிடையே, நனைந்த ஏட்டுத் தாளொன்றில் என் சிவப்பு மைத் திருத்தமும் கிடந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தனர். யான் வாவியைப் பார்த்தேன்.

"சேர், இனி இது எங்கே போகும்?" என்று ஒருவன் வினவினான். "சனம் கூடினால் அழுக்குங் கூடும்" என்று எழுதியவன் அவன்தான். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முகத்துவாரம் ஆண்டு முழுதுந் திறந்திருப்பதில்லை. வேனிலில் மணல் திரண்டு அடைத்துக்கொள்ளும். மாரி வெள்ளத்திலேதான் மீண்டுந் திறக்கும். அடைபட்ட மாதங்களில் வாவியில் இட்டது வாவியிலேயே கிடக்கும். ஆகவே, "எங்கும் போகாது" என்றே விடை கூறினேன். பாடும் மீனைக் கேட்க வருவோர்க்கு நாம் கல்லடிப் பாலத்தைக் காட்டுகின்றோம், இவ்விடத்தைக் காட்டுவதில்லை. வாவிக்கு இடாமற் காட்டுக்கு அனுப்பினாலும் தீர்ந்தபாடில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் குப்பைத் திடலுக்கு வந்து பொலித்தீனை உண்ட யானைகள், எட்டாண்டில் இருபதளவு, மடிந்த செய்தியை 2022 சனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின.

பண்டு எல்லாம் தூயனவாய் இருந்தன என்று கூறும் பழமைப்பித்து எனக்கில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலும் சேறு இருந்தது. எனினும் நம் விருந்துகளில், ஒரு சஹனைச் சூழ்ந்து பலர் அமர்ந்து உண்டு எழுந்தாற் கழுவுவதற்கு ஒரு தட்டே எஞ்சியது. அயலூர்ப் பந்தியில் வாழையிலை மாட்டுக்கு உணவாயிற்று. இன்று ஒரு திருமண வீடு கலைந்த பின்னர் எஞ்சும் நெகிழிப் புட்டிகளை எண்ணிப் பாருங்கள். நெருங்கி வாழும் ஊர் நம்முடையது. வீட்டோடு வீடு ஒட்டியது. நெருக்கத்தை நாம் மாற்றவியலாது. விருந்து முடிந்தபின் எஞ்சுவதை மாற்றவியலும்.

ஆகவே யான் வேண்டுவன மூன்று. குப்பையை வீட்டிலேயே வகைபிரித்துக் கொடுப்போமாக. நம் தெருவைப் பெருக்குவோர்க்குக் கையுறையும் காலணியும் நிரந்தர நியமனமும் கிடைத்தனவா என்று நகர சபை உறுப்பினரை, வாக்குக் கேட்டு வரும்போதே வினவுவோமாக. ஊரின் குப்பை சென்று சேரும் இடத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரார், சிறப்பாக மாணாக்கர், நேரிற் சென்று காண்பாராக. கண்ணுக்கு மறைந்ததே மலையாகச் சரிகின்றது.

அடுத்த விடுமுறைக்குப் பின் யான் கொடுக்கவிருக்குந் தலைப்பு "யான் கண்ட மாநகர்" என்பதே, அதனை மாற்றவில்லை. ஆனால் ஒரு குறிப்பைச் சேர்த்துள்ளேன்: தங்கிய வீட்டின் நீர் எங்கே போகின்றது, அவ்வீட்டுத் தெருவைப் பெருக்கியவர் யார் என்னும் இரண்டையும் கேட்டறிந்து எழுதுக. அவ்விரண்டும் இல்லாத கட்டுரை எத்துணை இனிய நடையினதாயினும் முழுப்புள்ளி பெறாது.